ராத்திரி வெப்பத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த பெட்டிச் செய்தியில், ஐரோப்பாவிலேயே அதிக வெயில் பதிவான ஊர் என்று இத்தாலியின் புளோரிடியாவைக் குறிப்பிட்டு, 48.8 டிகிரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். டீக்கடையில் அதைப் படித்தவர்கள், 'அப்போ நம்ம காரைக்குடி குளுகுளுன்னுதான் இருக்கு' என்று சிரித்தார்கள். என் தம்பி மகன் ஆறு வருடமாக அந்தப் புளோரிடியாவில்தான் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறான். அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்ணில் தப்பில்லை. 2021 ஆகஸ்ட் 11 அன்று பதிவானது. உலக வானிலை அமைப்பு சரிபார்த்து 2024 ஜனவரியில்தான் ஒப்புக்கொண்டது. ஆனால் அது ஒரே ஒரு பகலின் கணக்கு. சாதாரணமாக ஆகஸ்ட்டில் அங்கே பகலில் 32, 33 தான் இருக்கும். சிசிலித் தீவின் தென்கிழக்கில், இப்ளேயி குன்றுகளுக்குக் கிழக்கே இருக்கிற ஊர் அது. சகாராவின் சூட்டோடு வரும் காற்று குன்றைத் தாண்டி இறங்கும்போது இன்னும் காய்ந்து சூடேறும். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு ஆடியில் நம் பக்கம் மலையிறங்கி வருகிறதே மேல்காற்று, அந்த ஜாதிதான். "பெரியப்பா, துணியைக் கொடியில போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள காஞ்சு மொடமொடன்னு ஆயிருச்சு" என்றான் போனில்.

நான் சொல்ல வந்தது ராத்திரியைப் பற்றி. ஆகஸ்ட்டில் அங்கே இரவு 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும். நமக்கு மார்கழிக் கோலம் போடும் நேரத்தில் இருக்கிற குளிரும் ஏறத்தாழ அதே அளவுதான். அதாவது அவர்களுடைய உச்சக் கோடை ராத்திரியும் நம்முடைய உச்சக் குளிர் ராத்திரியும் ஒன்று! அவர்களுக்கு ஜனவரியில் பகலே 15 டிகிரிதான், இரவில் 7, 8. நமக்கோ கத்திரியில் பகல் 39, 40 ஆகி, இரவில் 27-க்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும்.

நான் காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில் பூங்கல், அதாவது பூ வேலைப்பாடு உள்ள தரைக்கல், செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். கண்ணாடி மேல் அச்சு வைத்து, சாயம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு எடுத்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட வேண்டும். மார்கழியில் விடியற்காலை அந்தத் தொட்டியில் கையை விட்டால் சுரீர் என்றிருக்கும். கத்திரியில் அதே ஐந்து மணிக்குக் கையை விட்டால் ஆறிப்போன வெந்நீர் மாதிரி வெதுவெதுப்பு. அந்த நாட்களில் தொட்டிக்கு வெளியே இருக்கும் கல் ராத்திரியிலேயே ஈரம் இழந்து, மறுநாள் பார்த்தால் பூ இதழின் குறுக்கே முடி போல ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். தாமரைப் பூ என்றால் தள்ளிவிடவும் மனசு வராது. பகல் வெயிலுக்குக் கீற்றுப் போட்டு மறைத்துக்கொள்ளலாம். ராத்திரிச் சூட்டுக்கு என்ன செய்வது?

புளோரிடியாவில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, மரச் சன்னல்களையும் மூடிக்கொண்டு நாலு மணி வரை படுத்துவிடுவார்களாம். நம் முன்னோரோ வீட்டு நடுவில் இருக்கும் முற்றமான வளவைத் திறந்த வெளியாக விட்டார்கள், ராத்திரிச் சூடு மேலே போகட்டும் என்றும்தான். இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் வளவுக்கு மேல் பைபர் ஷீட்டு. (என் வீட்டிலும்தான். குரங்குத் தொல்லை, வேறு வழியில்லை.)

எனவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். தினமும் போடும் வானிலைப் பெட்டியில் பகல் வெப்பத்துக்குப் பக்கத்தில் முந்தைய இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் போடுங்கள். அப்புறம், மதுரையின் வெப்ப அளவை வைத்துச் சிவகங்கை மாவட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்காமல், காரைக்குடிக்குத் தனியாக ஒரு வரி கொடுங்கள். இடம் போதாது என்றால் ராசிபலனில் இரண்டு வரி குறைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அதைப் படிக்கிறவர்களை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூங்கல் பட்டறைக்காரர்,
ஆத்தங்குடி.