கால் இழுக்கிறது என்றாயே

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சரவணா,

ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது, மெக்னீசியம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் பேன்டோபிரசோல் போடுகிறாயே, எத்தனை வருஷமாகிறது?

நான் மூன்று வருஷம் போட்டேன். டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. அதையே காட்டிக் காட்டி மருந்துக்கடையில் வாங்கினேன். அப்புறம்தான் கால் இழுக்க ஆரம்பித்தது. ஒரு ராத்திரி கால் கட்டைவிரல் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. உன் அப்பா பாதத்தை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவி நீவி நீவி நிமிர்த்தினார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் மெக்னீசியம் 1.2. சாதாரணமாக 1.7க்குக் குறையக் கூடாதாம். மெக்னீசியம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் விழுங்கியும் ஏறவில்லை.

ஏன் என்று வேறொரு டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். சாப்பாட்டிலுள்ள மெக்னீசியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். பெரும்பாலும் சிறுகுடலில், செல்களுக்கு நடுவிலுள்ள சந்து வழியாகத் தானே கசிந்து ஏறும். இன்னொரு வழி, குடல் செல்லே கதவு திறந்து உள்ளே இழுத்துக்கொள்வது. வரத்து குறைந்தால் இதுதான் கைகொடுக்கும். பேன்டோபிரசோல் மாதிரி வயிற்று அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் சிலருக்கு இந்த இழுப்பே தளர்ந்துவிடுகிறது என்றார். சிறுநீரகம் வடிகட்டியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்புகிறது. வரவே இல்லாத வீட்டில் அது எவ்வளவுதான் சிக்கனம் பிடிக்கும்? அவர் சொல்லி அந்த மாத்திரையை நிறுத்திய பிறகுதான் எனக்கு அளவு ஏறியது.

நீயாக நிறுத்திவிடாதே, திடீரென்று விட்டால் எரிச்சல் இன்னும் மூர்க்கமாகத் திரும்பும். டாக்டரிடம் கேட்டுச் செய். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மெக்னீசியமும் போடாதே, வெளியேறாமல் தேங்கிவிடும். இன்னொன்று: உடம்பிலுள்ள மெக்னீசியமே மொத்தம் 25 கிராம்தான். அதில் பாதிக்கு மேல் எலும்பில். ரத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தாலும், கால் இழுப்பதைச் சொல்லாமல் எழுந்து வந்துவிடாதே.

ராகியை ஊறவைத்து முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து அரைத்திருக்கிறேன். முளைகட்டினால் மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கிற ஃபைட்டிக் அமிலம் குறையும். சனிக்கிழமை கூரியரில் வரும், வாங்கி வை.

அன்புடன்,
அம்மா