மார்கழித் தண்ணீரும் கொடுவாவும்

ஆரம்பாக்கம்,
தை மாதம்.

அன்பு நண்பா,

போகிக்கு முதல் நாள் உன் கடிதம் கைக்குக் கிடைத்தது. டென்னசியில் உன் ஏரித் தண்ணீர் 7 டிகிரிக்கு இறங்கிவிட்டதென்றும், மூன்று சனிக்கிழமைகள் தொடர்ந்து படகை இறக்கியும் ஒரே ஒரு பாஸ் மீன்தான் அகப்பட்டதென்றும், அதுவும் நீ தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கடித்ததென்றும் எழுதியிருந்தாய். காபி விஷயத்தை நீ வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாய். எனக்கோ அந்த ஒரு வரியைப் படித்ததுமே உன் மூன்று வாரத் தோல்விக்கும் காரணம் விளங்கிவிட்டது. அன்று உன் இரை அசையாமல் கிடந்தது அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான்.

மீனின் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதுவே அதன் சூடு. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் உன் ஊர் பாஸுக்குச் செரிமானமே மந்தமாகிவிடும். ஒருமுறை விழுங்கியது பல நாள் வயிற்றில் கிடக்கும். ஆகவே அது ஏரியை விட்டு ஓடிவிடவும் இல்லை, பசியே இல்லாமல் போய்விடவும் இல்லை. இரைக்காக அது நகரச் சம்மதிக்கும் தூரம்தான் சுருங்கிவிட்டது. கோடையில் ஆறடி பாய்ந்து வந்து கவ்வுகிற மீன், இப்போது மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வந்து நிற்பதைத்தான் வாய் திறந்து வாங்கிக்கொள்ளும். நீயோ கோடைப் பழக்கத்திலேயே பொய் இரையைச் சரசரவென்று இழுத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் ஏரியில் ஷாட் என்று ஒரு சிறு மீன் உண்டென்று முன்பு எழுதியிருந்தாயே, நம் மத்தியின் இனத்தைச் சேர்ந்தது, அதை நினைத்துப் பார். அதில் நூல் போன்ற இழை உள்ள வகைக்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 7 டிகிரியை நெருங்கும்போது அது தள்ளாடத் தொடங்கிவிடும். ஒருமுறை துடிக்கும், அப்படியே நிற்கும், மெல்லச் சாயும், மறுபடி ஒருமுறை துடிக்கும். பாஸ் காத்திருப்பது இந்த நோயாளிக்குத்தான். மிதக்காமலும் மூழ்காமலும் நடுநீரில் நிற்கிற பொய் இரை உன்னிடம் இருந்தால் அதைப் போட்டு, தூண்டில் கம்பை இரண்டு முறை சிறிதாக வெட்டி இழுத்துவிட்டு, மனத்துக்குள் இருபது எண்ணும்வரை கையை ஆட்டாமல் இரு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வெளியே போகும்போது நமக்கு இட்ட அதே தண்டனைதான். அன்றும் உன்னால் இருபது வரை பேசாமல் இருக்க முடிந்ததில்லை.

இங்கே என்ன குளிர் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். மார்கழிக் கடைசியில் பழவேற்காட்டில், லைட் ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலத்தடியில், விடியற்காலையில் வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினேன். 23 டிகிரி காட்டியது. நீ சிரிப்பாய். ஆனால் கொடுவா 28, 30 டிகிரியில் ஆடி ஓடித் திரிகிற மீன். 20 டிகிரிக்குக் கீழே அது ஏறக்குறைய வாயை மூடிக்கொள்ளும். ஆகவே 23 என்பது அதற்குக் கம்பளி போர்த்திக்கொள்ளும் காலம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் குளத்தில் கொடுவா வளர்க்கும் ஒருவர், மார்கழி பிறந்ததும் தீனியைப் பாதியாகக் குறைத்துவிடுவதாகவும், பழைய அளவிலேயே போட்டால் தின்னாமல் அடியில் படிந்து தண்ணீரைக் கெடுத்துவிடுவதாகவும் சொன்னார். சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையம் 1997இல் இந்த மீனை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்த பிறகுதான் இந்தத் தொழிலே நம் பக்கம் தலையெடுத்தது.

ஆங்கிலத்தில் கொடுவாவையும் பாஸ் என்றே சொல்கிறார்கள் என்பதை வைத்து இரண்டையும் பங்காளிகள் என்று எண்ணிவிடாதே. பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. இங்கிருந்து தடா சந்தைக்குப் போனால் அதே மீன் தெலுங்கில் பண்டுகப்ப ஆகிவிடும். மலையாளிகள் காளாஞ்சி என்பார்கள். மூன்று மொழிக்காரர்களும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், தலையைக் குழம்புக்குத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான்.

உன் ஏரிக்கும் நம் ஏரிக்கும் உள்ள வேறுபாடு ஆழத்தில் இருக்கிறது. 4 டிகிரியில் தண்ணீர் மிகக் கனமாகும் என்று படித்தோமே, அதனால் ஆழமான ஏரியில் மேலே பனிக்கட்டி உறைந்தாலும் அடியில் மீனுக்கு ஓர் இடம் மிஞ்சும். பழவேற்காடு ஏரியோ நீளத்தில் அறுபது கிலோமீட்டர், ஆழத்தில் சராசரியாக ஒரு மீட்டர். பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் கிடக்கும் ஓர் அகன்ற தாம்பாளம். வாடைக் காற்று இரவெல்லாம் வீசினால் தாம்பாளத் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடும். அதே தண்ணீர் பதினொரு மணி வெயிலில் கருஞ்சேற்றின் மேல் சட்டென்று சூடேறியும் விடும். கடல் அப்படி இரவுக்கு இரவு மாறாது. அதனால் விடியலில் முகத்துவாரம் வழியாக ஏறி வரும் தண்ணீர் ஏரியைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. பிற்பகலில் மேட்டிலிருந்து வடிந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதோடு இறாலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவே இந்த மாதங்களில் காலையென்றால் ஏற்றம், மாலையென்றால் வற்றம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டும் பொருந்தாத நாளில் வீட்டில் இருந்து நாளிதழ் படிப்பது மேல்.

அன்று பாலத்தடிக்கு என்னோடு வந்தவர் குப்பத்து மீனவர் ஒருவர். மீன்பிடி இடத்தைக் குப்பத்தார் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கில் அவருக்கு அன்று முறை இல்லை. உயிர் இறாலின் கொம்புக்குக் கீழே, கறுப்பாகத் தெரியும் இடத்தைத் தொடாமல் தூண்டில் முள்ளைக் கோத்துக் கொடுத்தார். ஏற்றம் தூணில் மோதிப் பிரிகிற இடத்துக்குப் பின்னால், தண்ணீர் சுழலாமல் மந்தமாக நிற்கும் நிழலில் இறாலை விட்டோம். முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொய்ந்து கிடந்த தூண்டில் நரம்பு நான்கு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்து நின்றது. இழுப்பு இல்லை, அதிர்வு இல்லை. போன வருடம் இதே இடத்தில் இதே அசைவைக் கண்டவுடன் வெட்டி இழுத்து, வாயிலிருந்து இறாலை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தவன் நான். இம்முறை அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குளிரில் கொடுவா இரையை உறிஞ்சி வாய்க்குள் வைத்துக்கொண்டு யோசிக்குமாம். நரம்பு மறுபடி நகர்ந்து, மெல்ல இறுகி, தூண்டில் ராடின் நுனி தாழ்ந்த பிறகே கையை விட்டார்.

இரண்டரை கிலோ இருந்தது. தூக்கும் அவசரத்தில் செவுள் மூடியில் கை வைத்துவிட்டேன். அதன் ஓரம் சவரக்கத்திதான், ஆள்காட்டி விரல் நீளவாக்கில் பிளந்துவிட்டது. அவர் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அப்பினார், நான் போட்ட சத்தத்தில் தூணுக்குப் பின்னாலிருந்த நாரைகள் எழுந்து போயின. இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். அந்த அளவு மீன் பெரும்பாலும் ஆணாகவே இருக்கும் என்றார் அவர். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பிறகு பெண்ணாக மாறும். ஆறு, ஏழு கிலோ தாய் மீன் தூண்டிலில் வந்தால் விட்டுவிடுவேன் என்று நான் சொன்னபோது, அதைத் தன்னிடம் விடும்படி கேட்டுக்கொண்டார்.

பெரிய மீனுக்கு ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறாய். பெருவாய் பாஸ் இனத்தில் உலகச் சாதனையான மீன் 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்டது. அதற்கு ஈடாக இன்னொன்று 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்டது. இரண்டும் பத்து கிலோ சொச்சம். முதலாவது ஜூன் மாதம், அடுத்தது ஜூலை மாதம் என்பதைக் கவனித்துக்கொள்.

இனிமேல் விடியற்காலையில் போய் ராடின் வளையங்களில் உறைந்த பனியை ஊதிக்கொண்டிருக்காதே. நாலைந்து நாள் தொடர்ந்து வெயில் அடித்த பிறகு, பிற்பகல் இரண்டு மணிக்குப் போ. ஏரியின் வடகரையில், தெற்கு பார்த்த பாறைச் சரிவு இருந்தால் அங்கே வெப்பமானியை இறக்கி, நடு ஏரியைவிட ஒரு டிகிரியாவது கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது. சித்திரையில் வரும்போது அந்த நடுநீரில் நிற்கும் பொய் இரையில் இரண்டு எடுத்து வா; பக்கிங்காம் கால்வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். மீனவ நண்பருக்கு அதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை.

உன் அன்பு நண்பன்.