ஏற்காடு அடிவாரத்தில் பெட்ரோலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏற்காடு அடிவாரத்தில் ஒரு தோட்டக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது, அடியில் பெட்ரோல் இருக்கலாம் என்று போன வாரம் உங்கள் நாளிதழில் செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் அதற்குள் அது "சேலத்தில் எண்ணெய் வளம்" ஆகிவிட்டது. அந்தப் பக்கம் இடம் வாங்கிப் போடலாமா என்றுகூட ஒருவர் கேட்கிறார்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு, 700 டிகிரிக்கு மேல் வெந்த பாறை. கச்சா எண்ணெய் உருவாவதோ பாசியும் இலைதழையும் புதைந்த படிவுப் பாறையில், ஏறக்குறைய 60 முதல் 150 டிகிரிச் சூட்டில். அதனால்தான் காவிரிப் படுகையின் படிவுப் பாறை உள்ள நரிமணத்தில் எண்ணெய், சேலத்துக்காரர்களான நமக்கு மேக்னசைட், பாக்சைட் என்ற கனிமங்கள்.

சரி, பாறையை விடுங்கள். எந்த மாதிரிப் பாறையில் பிறந்தது என்பதை எண்ணெயே சொல்லிவிடும். 1934இல் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் என்ற ஜெர்மானியர் கச்சா எண்ணெயில் பச்சையத்தின் வழிவந்த போர்ஃபிரின் என்ற சேர்மங்களைக் கண்டறிந்ததில் தொடங்கிய துறை இது. பச்சையத்தின் வால்பகுதி ஆக்சிஜன் உள்ள இடத்தில் படிந்தால் பெரும்பாலும் பிரிஸ்டேன் என்ற ஹைட்ரோகார்பன் ஆகும், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் என்றால் பைட்டேன் என்ற இன்னொன்று. ஒலியனேன் என்ற சேர்மம் இருந்தால் பூக்கும் தாவரங்கள் கலந்த படிவு. எனக்குப் பிடித்தது கந்தகம்தான்: களிமண் பாறையில் உள்ள இரும்பு கந்தகத்தைப் பிடித்துப் பைரைட்டாக வைத்துக்கொள்ளும், சுண்ணாம்புப் பாறையில் இரும்பு குறைவு என்பதால் கந்தகம் எண்ணெயோடு வந்துவிடும். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இதே வேதியியல் அந்தக் கிணற்றுக்கும் போதும். டீசல் என்றால் பிரிஸ்டேனும் பைட்டேனும் தெரியும், பாக்டீரியாவின் வழிவந்த கனமான ஹோப்பேன் சேர்மங்கள் அநேகமாக இருக்காது, சுத்திகரிப்பிலேயே பின்தங்கிவிடும். கழிவு என்ஜின் ஆயில் என்றால் ஹோப்பேன் இருக்கும், பிரிஸ்டேன் போன்ற லேசானவை அநேகமாக இருக்காது. கச்சா எண்ணெயில் இரண்டும் இருக்கும்.

ஆனால் ஆய்வகத்துக்குப் போகுமுன் ஒரு குச்சியை விட்டுப் பார்த்திருக்கலாம். எண்ணெய்ப் படலம் விலகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரிலுள்ள இரும்பைத் துருவாக்கும் இரும்பு பாக்டீரியாவின் படலம் அப்பளம் மாதிரி துண்டு துண்டாக உடையும். நீங்கள் போட்ட படத்தில் படலம் சில்லுச் சில்லாகக் கிடக்கிறது, கீழ்ப்படியில் செம்பழுப்புச் சேறு வேறு.

எண்ணெய்தான் என்றே வைத்துக்கொண்டாலும் அது மேலேயிருந்து இறங்கியதாகத்தான் இருக்கும், அப்படியானால் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களிடம் முதலில் சொல்ல வேண்டும். யாராவது பரிசோதித்தால் முடிவையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்