கொக்கை மட்டும் எடைக்குப் போடாதீர்கள்

டியூக்ஸ்பரி, இங்கிலாந்து
பிப்ரவரி 2

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள், அம்மா, அக்கா வீட்டார் அனைவரின் நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. எழுதியது பாப்பா என்றாலும் சொன்னது நீங்கள்தான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "பட்டறை விஷயமாக ஒரு முடிவு எடுத்திருக்கிறேன்" என்று ஆரம்பித்து, நம் பாத்திரப் பட்டறையை மூடிச் சாமான்களைப் பழைய இரும்பு எடைக்குப் போடப் போவதாக எழுதியிருந்தீர்கள். நலம் விசாரிப்பு கடைசியில்தான் வந்தது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அம்மா குறைப்பட்டதாகப் பாப்பா ஓரத்தில் எழுதியிருந்தாள். அது என் தப்புதான். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. அம்மாவோ சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள். வீடியோவில் வராததற்குக் காரணம் போனில் திரை உடைந்ததுதான், வேறொன்றும் இல்லை. அடுத்த மாதம் மாற்றிவிடுவேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அரிசி மூட்டையாக வாங்கி வைத்திருக்கிறேன். இந்தக் குளிரில் ஒருமுறை ரசம் வைத்தால் மூன்று நாள் கெடாது, கூட ஒரு முட்டை போதும். காலையில் எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பைத் தூவியது போல உறைந்து கிடக்கிறது. கூட இருந்த நாமக்கல் பையன் லண்டனில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இப்போது அறை முழுக்க எனக்கே. கிறிஸ்துமஸ் சரக்கு நெரிசல் முடிந்துவிட்டதால் கிடங்கில் வாரத்துக்கு மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள். நல்ல ஓய்வு.

இந்த ஊரும் நம் ஊர் மாதிரி இரண்டு ஆற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது. அங்கே காவிரியும் அரசலாறும், இங்கே செவர்னும் ஏவனும். மழை வலுத்தால் ஊரை ஒட்டிய புல்வெளி முழுக்க ஏரியாகிவிடுகிறது. 2007 வெள்ளத்தில் பெரிய தேவாலயம் மட்டும் தீவு போல நின்ற படத்தை இங்கே எல்லோரும் காட்டுகிறார்கள்.

அப்பா, இவ்வளவு நாளாக உங்களிடம் ஒன்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். சாயங்காலங்களில் நான் அங்கேதான் இருக்கிறேன்.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன ஜூன் மாதம் இரவு வேலை முடிந்து வரும்போதுதான் முதலில் பார்த்தேன். பனியனும் இரண்டு காலிலும் இரும்புக் கவசமுமாகக் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். இவருக்குப் புத்தி சரியில்லையோ என்று பயந்து ஒதுங்கி நடந்தேன். பிறகுதான் புரிந்தது. புதிதாகச் செய்த கால் கவசத்தை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு வீட்டு வேலை எல்லாம் பார்ப்பார். எங்கே உரசுகிறது, எங்கே மடக்க முடியவில்லை என்று சாக்பீஸால் குறித்துக்கொள்வார். சாயங்காலம் கழற்றி அந்த இடத்தை மட்டும் தட்டிச் சரிசெய்வார். நீங்கள் குடத்தில் தண்ணீர் ஊற்றி இடுப்பில் வைத்துப் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் கொடுப்பீர்களே, அதே வேலை.

இந்த ஊரில் 1471 மே 4 அன்று ஒரு பெரிய போர் நடந்தது. நான்காம் எட்வர்ட் ஜெயித்தார். எதிர்ப்பக்கத்து இளவரசன் பதினேழு வயதுப் பையன்; அவன் இங்கேதான் செத்தான், தேவாலயத்துக்குள்தான் புதைத்திருக்கிறார்கள். ஜெயித்த ராஜாவின் சூரியச் சின்னத்தை அங்கேயே விதானத்தில் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் அந்தப் போரை வயல்வெளியில் நடித்துக் காட்டுகிறார்கள். அதற்காகக் கவசம் செய்வதும் சட்டை தைப்பதும் கொடி எழுதுவதுமாக வருஷம் முழுக்கப் பலருக்கு இதே வேலை. யாரும் கூலிக்குச் செய்வதில்லை. ஆசைக்குச் செய்கிறார்கள், அப்பா. வாங்கிவிடலாம் என்றாலும் அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

ஒருநாள் வேலியோரம் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் முழங்கால் மூடி தட்டிக்கொண்டிருந்தார். மரக்கட்டையில் குழி வெட்டி, அதன்மேல் தகட்டை வைத்து நடுவிலிருந்து அடித்தார். கிண்ணம் இறங்க இறங்க விளிம்பு சுருங்கி முறுக்கு விழுந்தது. அதைக் கவனிக்காமல் இன்னும் ஆழத்துக்கே அடித்துக்கொண்டிருந்தார். என் கை பதறிவிட்டது. "சுருக்கம் விழுந்தால் உடனே தட்டு, மடிப்பாகிவிட்டால் தகடு போச்சு" என்று எத்தனை முறை என் தலையில் குட்டியிருக்கிறீர்கள். வேலியைத் தாண்டிப் போய், தரச் சொல்லிச் சுத்தியலை வாங்கினேன். விளிம்பை ஒரு சுற்று, அப்புறம் உள்ளே ஒரு சுற்று, மறுபடி விளிம்பு. பத்து நிமிஷத்தில் முறுக்கு அடங்கிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. காதில் மாட்டியிருந்த மூடியைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். நாற்பது வருஷம் உங்கள் காதுக்கு ஒருவரும் அதைச் செய்யவில்லையே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். நாம் செம்பைச் சுட்டவுடன் தண்ணீரில் போடுவோம் அல்லவா, அப்படியே போட்டாலும் இளகியே இருக்கும். இரும்பு அப்படியில்லை. சிவக்கக் காய்ச்சிய பிறகு காற்றிலேயே ஆறவிட வேண்டும். முதல் நாள் பழக்கதோஷத்தில் வாளிப் பக்கம் கொண்டுபோனேன், தாத்தா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். கடைசியில் மெருகிட்ட சுத்தியலால் மெருகிட்ட இரும்பின்மேல் ஒன்றை ஒன்று தொட்டாற்போல அடி விழ வேண்டும். முன்பக்கம் தகடு தடிமனாகவும் ஓரத்தில் மெலிதாகவும் இருந்தால்தான் எடை குறையும். தலையிலிருந்து கால்வரை முழுக் கவசமே 20, 25 கிலோதான். உடம்பு முழுக்கப் பரவி நிற்பதால் ஓடலாம், குதிரை ஏறலாம். மிலன் நகரத்தில் மிஸாலியா என்று ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதையே செய்தது. ஒவ்வொரு துண்டிலும் தங்கள் முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். நம் பாத்திரத்து அடியில் நீங்கள் குத்தும் மூன்று புள்ளி நினைவுக்கு வந்தது.

தாத்தா நாலு வருஷமாக ஒரு வளையச் சட்டையும் பின்னிக்கொண்டிருக்கிறார். கம்பியைத் தண்டில் சுற்றி வெட்டி வளையமாக்கி, இரண்டு முனையையும் தட்டையாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் துளையிட்டு, கடுகளவு ஆணி வைத்து அடைக்க வேண்டும். ஒரு வளையம் நாலு வளையத்தைப் பிடிக்கும். முழுச் சட்டைக்கு இருபதாயிரத்துக்கு மேல் வேண்டும். நான் வேகமாகச் செய்தும் மணிக்கு முப்பதைத் தாண்டவில்லை. அதைப் போட்டுப் பார்த்தேன், பத்துக் கிலோ தோளை அழுத்தியது. அவர் வீட்டுப் பாட்டி பின்னால் வந்து இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டியதும் பாதி எடை இடுப்புக்கு இறங்கிவிட்டது.

கவசத்தைவிடத் துணிதான் கஷ்டம் என்பது பாட்டியின் கட்சி. உள்ளே போடும் பஞ்சுச் சட்டையை லினன் துணியில் மெழுகு தடவிய நூலால் கையாலேயே தைக்கிறார். கால் கவசம் அந்தச் சட்டையிலிருந்து நாடாவில்தான் தொங்குகிறது. தையல் ஓர் அங்குலம் தப்பினால் நடக்கும்போது தொடை முழுக்கப் புண்ணாகிவிடும். பிரான்ஸில் பதினோராம் லூயி, சாதாரண வீரனின் சட்டைக்கு 25, 30 மடிப்புத் துணியும் மான் தோலும் வேண்டும் என்று உத்தரவே போட்டாராம்.

அக்டோபரில் என்னைக் காரில் வாரிக் என்ற ஊருக்கு அழைத்துப் போனார்கள். இங்கே வந்து நான் பார்த்ததிலேயே அப்பா பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது அது ஒன்றுதான். செயின்ட் மேரி தேவாலயத்தில் ரிச்சர்ட் போஷாம்ப் என்ற பிரபுவின் சமாதி. 1439இல் இறந்தவர். மேலே ஆளுயரச் சிலை படுத்திருக்கிறது, முழுக்கப் பித்தளை வார்ப்பு, தங்கப் பூச்சு. ஜான் மாசிங்ஹாம் என்பவர் மரத்தில் மாதிரி செதுக்க, வில்லியம் ஆஸ்டன் என்பவர் 1450 வாக்கில் வார்த்தார். கையைக் கும்பிடாமல் விரித்துப் பிடித்திருக்கிறார். புறங்கை நரம்பு தெரிகிறது, அப்பா. கவசத்தின் வார், கொக்கி, கீல் ஒவ்வொன்றும் உண்மையான அளவில். காலடியில் ஒரு கரடி.

மல்லாந்து கிடக்கும் சிலைக்கு முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் 200 வருஷத்துக்கு முன்பு சார்லஸ் ஸ்டோதார்டு என்ற ஓவியர் அதைப் புரட்டிப் பார்த்தபோது, முதுகுப் பக்கத்து வாரும் கொக்கியும்கூட ஒன்று விடாமல் செய்திருந்ததாம். அவர் வரைந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் தாத்தா தன் முதுகுக் கவசத்தை வெட்டினார். சுவாமிமலை ஸ்தபதி வீட்டுக்கு நீங்கள் என்னைச் சின்ன வயதில் அழைத்துப் போனது ஞாபகம் வந்துவிட்டது. அம்மன் சிலையைத் திருப்பி வைத்துப் பின்னலைக் காட்டினீர்கள். சமாதி அருகில் நின்று இதைத் தாத்தாவிடம் சொல்ல ஆரம்பித்தேன், தொண்டை அடைத்து முடிக்க முடியவில்லை.

கொடி எழுதுவதும் கற்றுக்கொள்கிறேன். கோடையில் இந்த ஊர்த் தெரு முழுக்கப் போரில் நின்றவர்களின் சின்னக் கொடிகள் தொங்கும். அதற்கு ஒரு விதி: மஞ்சளும் வெள்ளையும் உலோகம், அதாவது பொன்னும் வெள்ளியும்; சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா வண்ணம். உலோகத்தின்மேல் உலோகம் வரக்கூடாது, வண்ணத்தின்மேல் வண்ணம் வரக்கூடாது. தூரத்திலிருந்து ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே. அந்தப் பிரபுவுக்குச் சிவப்பில் பொன் பட்டை, ஆறு சின்னச் சிலுவை. நான் எழுதிய முதல் கொடி அதுதான், தாத்தா சமையலறையில் மாட்டியிருக்கிறார்.

பொங்கலன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். காலையில் அலுமினியச் சட்டியில் பொங்கல் வைத்தேன், பொங்கி வழியவில்லை. மதியம் கொட்டகைக்குப் போனேன். வார்க் கொக்கி செய்யப் பித்தளைத் துண்டு கறுத்துக் கிடந்தது, தாத்தா வினிகரில் ஊறப்போட்டிருந்தார். நான் அறைக்குப் போய் ரசத்துக்கு வைத்திருந்த புளியில் ஒரு கொட்டைப்பாக்களவு எடுத்து வந்து, உப்பு சேர்த்துத் தேய்த்தேன். பித்தளை மஞ்சளாக மின்னியது. பாட்டி கைதட்டினார். எனக்கு அந்த வாசனைதான் வந்தது, சூடான பித்தளையும் ஈரப் புளியும், சனிக்கிழமை சாயங்காலம் நம் பட்டறை வாசல் வாசனை. வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வரவேண்டும் போல இருந்தது, அப்பா. வேறு எதுவும் வேண்டாம் போல இருந்தது. மறுநாள்தான் உங்கள் கடிதம் வந்தது.

என்னை டிப்ளமோ படிக்க வைத்தது தகடு தட்டவா என்று கேட்பீர்கள் என்றுதான் இவ்வளவு நாள் சொல்லவில்லை. இப்போது பட்டறையை மூடி, சாமான்களை எடைக்குப் போடப் போவதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். இங்கே ஒரு கதவு பார்த்தேன். போர்க்களத்தில் கிடைத்த கவசங்களை வெட்டித் தகடாக்கித் தேவாலயத்து உள்ளறைக் கதவில் அறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஒருவன் எத்தனை மாதம் தட்டினானோ, இப்போது அது எந்தத் துண்டு என்றுகூடத் தெரியவில்லை. தாத்தா நல்ல சுத்தியல் கிடைக்காமல் பழைய சாமான் சந்தைகளில் அலைகிறார். நம் பட்டறையில் பாத்திரத்தை வைத்துத் தட்டும் இரும்பு, நாம் கொக்கு என்போமே, அதன் படத்தை வரைந்து காட்டினேன், இப்படி வளைந்த கழுத்துள்ள இரும்பு இருந்தால் தலைக்கவசத்தையே ஒரே பிடியில் முடிக்கலாம் என்றார். அது தாத்தா காலத்து இரும்பு, நம் தாத்தா.

ஆகவே மெருகு மோட்டாரை விற்றுவிடுங்கள், தராசையும் விற்கலாம். கொக்கு, மூன்று மரச்சுத்தி, குழிக்கட்டை, முத்திரை உளி இந்த நாலையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். அம்மாவின் நெல் குதிர் அறையில் எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றி வையுங்கள்.

பட்டறை இடத்தைப் பொறுத்தவரை, விற்றுவிடலாம் என்று சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாதிப் பங்கு அவருடையது. ஆனால் லாட்ஜ்காரர் சொன்ன விலைக்கு உடனே தலையாட்ட வேண்டாம், பெரிய தெரு வக்கீல் மாமாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என் கையெழுத்து வேண்டுமென்றால் தூதரகத்தில் சான்று வாங்கித்தான் அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு மாதம் ஆகும். பாப்பாவின் காலேஜ் பணம் ஜூனில்தானே? அது என் பொறுப்பு, அத்தானைக் கடன் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போன மாதம் குறைவாக வந்தது பாங்க் மாற்றியதால்தான். அம்மாவின் முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், படம் எடுத்த ரிப்போர்ட்டைப் பாப்பாவை விட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய இரும்புக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்களே, அதை இப்போதைக்கு அத்தானிடம் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பங்குனி பிறப்பதற்குள் நான் அத்தானுக்கு அனுப்பிவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: கொக்கின் கழுத்தை ஒரு காகிதத்தில் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். தடிமனை நூலால் சுற்றி அளந்து அந்த நூலையும் உறைக்குள் வைக்கட்டும். பாப்பாவுக்குத் தெரியும். காது மூடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு யார் வந்தாலும் கொடுத்தனுப்புகிறேன். மூடும்வரைக்காவது போட்டுக்கொள்ளுங்கள்.