கருத்தடைக்குப் பின் வரும் பத்து நாட்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்களுக்குக் கருத்தடை செய்வதன் அவசியம் குறித்து அண்மைக் காலமாக நாளிதழ்களில் நிறையவே எழுதப்பட்டு வருகிறது. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாயை அடுத்த பத்து நாட்கள் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை. ஒரு வயது நிரம்பாத பெண் குட்டிகளின் விஷயத்தில் இந்தக் குறை எவ்வளவு தூரம் உறைக்கும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்களிடம் எட்டு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்று இருக்கிறது. முதல் பருவத்துக்கு வருவதற்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் பிற்காலத்தில் பால்மடியில் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்றும், கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் நோய்க்கு அநேகமாக இடமே இராது என்றும் மருத்துவர் எடுத்துச் சொன்னதால் சம்மதித்தோம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாலையில் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எங்கள் கையில் இருந்தவை, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு மருந்துச் சீட்டும், ‘பத்தாம் நாள் கூட்டிட்டு வாங்க’ என்ற ஒற்றை வாக்கியமும்தான். மூன்றாம் நாள் காலையில் அணிலைக் கண்டதும் அது திண்ணையிலிருந்து பாய்ந்தது; சாயங்காலத்துக்குள் தையலின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. நல்லவேளையாக அது குடலிறக்கம் அல்ல, ஓடிக் குதித்ததால் தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொண்டதுதான் என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

இந்த அறுவை சிகிச்சையைச் சிறியது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வயிற்றைத் திறந்து, இரண்டு சூலகங்களையும் கருப்பையையும் அகற்றி, இரத்தக் குழாய்களைக் கட்டி, தசையையும் தோலையும் தனித்தனியே தைத்து மூடுகிறார்கள். இதே சிகிச்சை நம் வீட்டுப் பெண் ஒருத்திக்கு நடந்திருந்தால் மாதக்கணக்கில் ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தூக்க விடமாட்டோம். குட்டிக்கோ இரண்டாம் நாளே வலி தணிந்துவிடுகிறது. தான் நோயாளி என்பது அதற்குத் தெரியாது. வயதான நாய் தானாகவே ஒரு மூலையில் முடங்கிக்கொள்ளும், இளம் நாயை நாம்தான் முடக்கி வைக்க வேண்டும். வெளித்தோல் ஒட்டியதுபோல் தெரிவதை நம்பி அவிழ்த்து விடுவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்கிற தவறு. உள்ளே தசை கூடுவதற்கு அதைவிட அதிக நாட்கள் ஆகும்.

முதல் இரவுதான் கவனமாக இருக்க வேண்டிய இரவு. மயக்கம் முழுவதும் தெளியாத குட்டி தள்ளாடும், முனகும், பழகியவர்களைக்கூடக் கடிக்க வரலாம். ஆகவே மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கட்டில் ஆகியவற்றின் பக்கம் விடாமல் தரையிலேயே படுக்க வைத்து, ஒருவர் அருகில் இருப்பது நல்லது. மயக்க மருந்தினால் உடல் சூடு குறையும் என்பதால், நம் ஊர் வெயிலிலும்கூட, மின்விசிறிக்கு நேர்க்கீழே படுக்க வைக்காமல் பழைய வேட்டியையோ புடவையையோ மடித்து விரித்து, மேலேயும் போர்த்திவிட வேண்டும். நன்றாகத் தெளிந்து தலையை நிமிர்த்தி உட்கார்ந்த பிறகே தண்ணீர் தரலாம்; அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தர வேண்டும். பிறகு வழக்கமான உணவில் கால் பங்கு, அது வயிற்றில் தங்கினால் இன்னும் சிறிது. பட்டினி கிடந்த குட்டியாயிற்றே என்று தட்டு நிறையப் பால்சோறு வைத்தால் வாந்தி எடுக்கும். அதற்காக ஒன்றுமே கொடுக்காமலும் இருந்துவிடக் கூடாது. சின்னக் குட்டிகளுக்கு நீண்ட நேரப் பட்டினியால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

அடுத்தது, நக்குவது. நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தையல் போட்ட காயத்தில் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்: நக்கி நக்கி ஈரமாகும் இடத்தில் கிருமி தொற்றும்; முன்பல்லால் நூலை உருவிவிட்டால் காயமே பிளந்துகொள்ளும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பை இரவும் பகலும் கழற்றக் கூடாது. சாப்பிடும்போது மட்டும், நாம் பக்கத்திலேயே நின்று கழற்றிவிடலாம். எங்கள் குட்டி கூம்போடு சுவரில் மோதி மோதி அழுததைப் பொறுக்காமல், என் மனைவி பழைய பனியன் ஒன்றைக் கால்கள் நுழையும்படி வெட்டிப் போட்டு முதுகில் முடிச்சிட்டார். கண்காணிப்பு இருக்கும்வரை அதுவும் பயன்பட்டது.

காயத்தின் மேல் மஞ்சள் அரைத்துப் பூசுவது, சாம்பல் தூவுவது, தேங்காய் எண்ணெய் தடவுவது ஆகிய மூன்றையும் அக்கம்பக்கத்தார் எங்களுக்குப் பரிந்துரைத்தார்கள். எதையும் பூசாமல் உலர்வாக விட்டாலே போதும். மருத்துவர் மருந்து கொடுத்திருந்தால் அதை மட்டும் போடலாம். இதைவிட ஆபத்தானது, வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுப்பது. நமக்குப் பழக்கமான பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் நாய்களின் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ குடலையோ கெடுத்துவிடக்கூடியவை.

தையல் பிரிக்கும்வரை, அதாவது பத்து முதல் பதினான்கு நாட்கள், குளிப்பாட்டக் கூடாது. வெளியே கூட்டிப் போவதும் கயிறு கட்டி, காலைக்கடன் அளவோடு நிற்க வேண்டும். பருவத்தில் இருக்கும்போதோ அதையொட்டியோ சிகிச்சை நடந்திருந்தால், சில நாட்களுக்கு ஆண் நாய்கள் தேடிவரும் என்பதைச் சுற்றுச்சுவர் இல்லாத வீட்டுக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, காயத்திலிருந்து இரத்தம் சொட்டினாலோ, சீழ் வாடை அடித்தாலோ, ஈ மொய்த்தாலோ, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீக்கத்தை நாமே அழுத்திப் பார்ப்பதும் ஊசியால் குத்தி நீரை எடுப்பதும் கூடவே கூடாது; உள்ளே இருப்பது குடலாகவும் இருக்கலாம்.

தெருநாய்களின் நிலை வேறு. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்த நாய்களைப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடுகிறார்கள். அங்கே அதற்குச் சோறு வைப்பவர்தான் அதன் வீட்டுக்காரர். கருத்தடை ஆனதைக் காட்டக் காதில் புதிதாக இட்ட வெட்டு அடையாளத்தோடு திரும்பி வந்த நாயின் வயிற்றை அவர் ஒரு வாரம் எட்ட நின்று கவனித்தாலே பல சிக்கல்கள் முற்றுமுன் தெரிந்துவிடும்.

என் வேண்டுகோள் சிறியது. நாம் இன்றும் மாட்டாஸ்பத்திரி என்றே அழைக்கிற அரசு கால்நடை மருந்தகங்களிலும், தனியார் மருத்துவமனைகளிலும், கருத்தடை மையங்களிலும், நாயைத் திருப்பித் தரும்போது தமிழில் அச்சிட்ட ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்துத் தர வேண்டும். மருத்துவர்களுக்கு நின்று விளக்க நேரமில்லை என்பதை நான் அறிவேன்; எங்கள் முறை வந்தபோது பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அந்தத் தாளில் மருந்தின் பெயரைத் தமிழிலும் எழுதி, எந்த வேளைக்கு எவ்வளவு என்றும், தையல் தானே கரையுமா அல்லது பிரிக்க வர வேண்டுமா என்றும், வர வேண்டுமெனில் எந்தத் தேதி என்றும் குறித்து, இரவில் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணையும் அடியில் அச்சிட்டுத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மதுரை.