குடியிருப்பை ஒட்டிய குன்றுப் பாதைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்காமல் பாதைகளைச் சீரமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
குன்றடிக் குடியிருப்புகளைச் சேர்ந்த மலை மிதிவண்டி ஓட்டுபவர்கள்

பெறுநர்:
உயர்திரு வனத்துறை அலுவலர் அவர்கள்

பொருள்: குன்றிலுள்ள ஒற்றையடிப் பாதைகளைக் கூட்டாக ஆய்வு செய்து, அரிப்புக்குள்ளான பாதையை மாற்றியமைத்து, மிதிவண்டி ஓட்ட முறையான அனுமதி வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் குடியிருப்புகளை ஒட்டி எழும் குன்றில், நடப்பவர் கால்பட்டே உருவான ஒற்றையடிப் பாதைகளில் நாங்கள் மலை மிதிவண்டி ஓட்டி வருகிறோம். மிதிவண்டிகளால் மண் அரிக்கப்படுகிறது என்ற காரணத்தால் அப்பாதைகள் அனைத்திலும் மிதிவண்டிக்குத் தடை விதிக்கும் யோசனை பரிசீலனையில் உள்ளதாக அறிகிறோம். அரிப்பு நடப்பது உண்மையே. ஆயினும் அதற்கு முதன்மைக் காரணம் பாதை அமைந்துள்ள விதம் என்பதால், மிதிவண்டியைத் தடுத்தாலும் அது நிற்காது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு நேராக இறங்கும் பாதையைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்வையிட வேண்டும். மழைநீருக்கு அதுவே ஓடையாகிவிட்டது. நடுவே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்து, இருபுறமும் மண் கழுவப்பட்டு வேர்கள் வெளியே தெரிகின்றன; பள்ளத்தைத் தவிர்க்க நடப்பவர்களும் ஓட்டுபவர்களும் புதருக்குள் ஒதுங்கிச் சென்றதால் பக்கத்தில் புதுத் தடங்கள் கிளைத்துள்ளன. அதே குன்றில், சரிவுக்குக் குறுக்காக வளைந்து வளைந்து ஏறும் பாதையிலும் அதே ஆட்கள்தாம் ஓட்டுகிறோம், அதே மழைதான் பெய்கிறது. ஆனால் அங்கே நீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழ்ச்சரிவில் பரவிவிடுவதால், மண் உலர்ந்த பின் டயரின் தடம் மேலோட்டமாகப் பதிவதோடு சரி.

இந்த வேறுபாடு தற்செயலானதன்று. 1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கம் பாதை அமைப்போருக்குப் பரிந்துரைத்துவரும் விதிகளில் ஒன்று, பாதையின் ஏற்றம் அது கடக்கும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதாகும். அதாவது, சரிவு 20 விழுக்காடு (கிடைமட்டத்தில் நூறு அடிக்கு இருபது அடி ஏற்றம்) எனில் பாதை 10 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும். அதைத் தாண்டினால் நீர் பாதையை விட்டு வெளியேறாமல் பாதை வழியாகவே ஓடத் தொடங்கும். பாதையின் வெளிவிளிம்பைச் சற்றுத் தாழ்த்துவதும், ஏறிச் செல்லும் பாதையை இடையிடையே சிறிது இறக்கி மீண்டும் ஏற்றுவதும் நீரை அவ்வப்போது வெளியேற்றும் எளிய வழிகள். இவற்றுக்குச் சிமென்ட்டோ கல்தளமோ தேவையில்லை; மண்வெட்டியும் முறையான அளவீடும் போதும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வு, ஈரமாக்கப்பட்ட பாதைகளில் குதிரைகளும் நடப்பவர்களும் பெயர்த்த மண்ணின் அளவு மிதிவண்டிகள் பெயர்த்ததைவிட அதிகம் என்று கண்டது. இதைக் கொண்டு மிதிவண்டியால் கேடே இல்லை என்று நாங்கள் வாதிடவில்லை. செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி இறங்கும் வண்டி மண்ணைக் கிளறத்தான் செய்யும். நனைந்த களிமண்ணில் ஓட்டினால் விழும் தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகும். இவ்விரண்டையும் தடுக்கும் விதிகளைத் தாங்கள் வகுத்தால் முழுமனதுடன் ஏற்போம்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே மலை மிதிவண்டிப் பந்தயம் இடம்பெற்றது எனினும், நாங்கள் கேட்பது பந்தயத் திடல் அன்று. வேலை முடிந்து வந்து, பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிச் சென்று திரும்பக்கூடிய பாதை எங்களுக்கு வேண்டும். தொலைவிலுள்ள மலைக்கு வண்டியைக் காரில் ஏற்றிச் செல்ல எல்லோராலும் இயலாது. பள்ளிப் பிள்ளைகளால் அறவே இயலாது. இப்பாதைகள் அடைபட்டால் அவர்கள் லாரிகள் விரையும் சாலையில்தான் ஓட்ட நேரிடும். மேலும், ஒரே பாதையில் எல்லாப் பருவத்திலும் செல்பவருக்குத்தான் எந்த வளைவில் நீர் தேங்கும், எங்கே கரை இளகுகிறது என்பது தெரியும். அந்தப் பழக்கத்தை வனத்துறை பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆகவே, நேராக இறங்கும் பாதையை அனைவருக்கும் மூடிச் செடிகொடிகள் மீண்டும் வளர விட்டு, அதற்கு மாற்றாகச் சரிவைத் தழுவிச் செல்லும் பாதையை அளந்து வகுத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதை வெட்டும் உடலுழைப்பையும் பின்னர் பராமரிப்பையும் தங்கள் மேற்பார்வையில் நாங்களே ஏற்கிறோம். மழை ஓய்ந்து மண் உலரும் வரையிலும், பறவைகளும் விலங்குகளும் இனப்பெருக்கம் செய்யும் பகுதிகளில் அக்காலம் முழுவதும் மிதிவண்டி நுழையாதிருக்கவும், நடப்பவர்களுக்கு ஓட்டுபவர் நின்று வழிவிடவும், கீழிறங்குபவர் மேலேறுபவருக்கு ஒதுங்கவும் நிபந்தனை விதிக்கலாம். எளிய பாதைக்குப் பச்சை வட்டம், நடுத்தரத்துக்கு நீலச் சதுரம், கடினத்துக்குக் கறுப்புச் சாய்சதுரம் எனப் பல நாடுகளில் வழங்கும் குறிகளை நட்டுவைத்தால், பழகாதவர் தம் திறனுக்கு மீறிய இறக்கத்தில் சிக்கி விழுவதும் குறையும்.

கூட்டாய்வு முடியும் வரை தடையாணை பிறப்பிப்பதை நிறுத்திவைத்து, அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஆய்வுக்கு ஒரு நாளைக் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குன்றடிக் குடியிருப்பு மலை மிதிவண்டி ஓட்டுபவர்கள்

இணைப்பு: இரு பாதைகளின் வரைபடமும் நிழற்படங்களும்