லிஃப்ட்ல மாட்டுன அகவல்

ஈசூன்,
சிங்கப்பூர்,
ஞாயித்துக்கிழமை ராத்திரி

பாப்பாவுக்கு,

வாட்ஸ்அப்ல நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டுட்டேன். லண்டன் குளோப் தியேட்டர்ல மூணு மணி நேரம் நின்னுக்கிட்டே ஷேக்ஸ்பியர் பாத்தியா, காலு வலிக்கலயா உனக்கு, இங்க இருந்தப்ப தேக்காவுக்கு நடந்து வான்னா கிராப் டாக்ஸி புக் பண்ணுவ. பாதி புரியல, ஆனா ட்ரெயின்ல வர்றப்ப மண்டைக்குள்ள டக்டக்னு ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்ன பாரு, அதான் விஷயம். அப்புறம் கேட்ட, ஏம்மா நம்மகிட்ட இப்படி செய்யுள்லயே பேசுற நாடகம் இல்லன்னு. இத டைப் பண்ணி அனுப்பினா நீ பஸ்ல ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவ, அதான் பேப்பர்ல எழுதுறேன்.

இல்லாம இல்ல கண்ணு. 1891லயே சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்துல ஃபிலாசஃபி புரொபசர், மனோன்மணீயம்னு முழு நாடகத்தயும் செய்யுள்ல எழுதி வெச்சுட்டாரு, முக்கால்வாசி ஆசிரியப்பாதான், அதாவது அகவல். ஒரு இங்கிலீஷ் கதைய எடுத்து பாண்டிய நாட்டுக்குக் கொண்டு வந்தது. ஆனா அது மேடைக்குன்னு இல்ல, படிக்கிறதுக்கு. அதோட வாழ்த்துப் பாட்டத்தான் 1970ல தமிழ்நாட்டுல தமிழ்த்தாய் வாழ்த்தா ஆக்கினாங்க, இங்கயும் சில நிகழ்ச்சியில பாடுவாங்க, எல்லாரும் விறைப்பா எழுந்து நிப்போம். அந்தப் பாட்டுக்குப் பின்னாடி ஒரு நாடகம் இருக்குன்னு எழுந்து நிக்கிறவங்கள்ல எத்தன பேருக்குத் தெரியும்? நானே நாப்பது வயசுலதான் முழுசாப் படிச்சேன், அப்பக்கூட நடுவுல ரெண்டு தடவ தூங்கிட்டேன், உண்மையச் சொல்றதுல என்ன.

மேடையில நிஜமாவே ஓடுனது சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம். வள்ளி திருமணத்துல வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்றது, பாட்டுலயே கேள்வி பாட்டுலயே பதில், நல்ல ஆளு ரெண்டு பேரு சேந்தா விடியவிடியப் போகும். அந்தக் காலத்துல தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிங்க கப்பலேறி இங்கயும் வந்து ஆடிட்டுப் போயிருக்கு.

உன் ஊர்ல செய்யுள் நாடகம் போனது வேற மாதிரி. கவிஞர் டி.எஸ். எலியட்டு 1935ல கேன்டர்பரி சர்ச்சுக்குன்னு ஒண்ணு எழுதினாரு, நல்லா எடுபட்டுச்சு, ஆனா மத நாடகத்துக்கு வர்றவங்க பொறுமையா போரடிச்சுக்கிட்டு உக்காரத் தயாராத்தான் வருவாங்கன்னு அவரே பிற்பாடு கிண்டலா எழுதிட்டாரு. அப்புறம் சாதாரண ஹால்ல சாதாரண மனுஷங்க பேசுற மாதிரி வேணும்னு, நாடகத்துக்குத் தேவையில்லாத கவிதை ஒரு சொட்டுக்கூட உள்ள வரக்கூடாதுன்னு விரதம் மாதிரி இருந்து 1949ல காக்டெயில் பார்ட்டி எழுதினாரு, கடைசியில அதுல கவிதை இருக்கா இல்லயான்னு அவருக்கே சந்தேகம். கிறிஸ்டோஃபர் ஃப்ரைன்னு இன்னொருத்தரு, 1950 வாக்குல லண்டன்ல அவரு நாடகம் ஒரே சமயத்துல ரெண்டு மூணு ஓடிக்கிட்டிருந்துச்சு. 1956ல ராயல் கோர்ட் தியேட்டர்ல ஆஸ்போர்ன் நாடகம் வந்துச்சு, வாடகை வீடு, ஒரு பொண்ணு நின்னு இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கா, புருஷன் கத்துறான், அவ்வளவுதான், அதுக்கப்புறம் ஃப்ரைய யாரும் சீந்தல. இஸ்திரிப் பலகைக்கு முன்னாடி நின்னு யாப்புல பேசுனா எடுபடாதுன்னு ஊரே நெனச்சுருச்சு போல.

நம்மகிட்ட யாப்பு இருந்த எடத்தப் பிடிச்சது சாதாரணப் பேச்சு இல்ல, அடுக்குமொழி. 1952ல பராசக்தி வந்தப்ப உன் தாத்தாவுக்கு பதினாறு வயசு, கோர்ட் சீன் வசனத்த சாகுற வரைக்கும் ஒரு மூச்சுல சொல்வாரு. எதுகையும் மோனையும் வசனத்துலயே கெடைச்சப்புறம் செய்யுள் எதுக்கு. அப்புறம் அதுவும் போச்சு, இப்ப டிவி நாடகத்துல "என்ன?" "ஒண்ணுமில்ல" "சொல்லு" "வேணாம்"னு அரை மணி நேரம் ஓட்டுறாங்க. இலங்கையில மட்டும் மஹாகவின்னு ஒருத்தரு, அளவெட்டிக்காரரு, அரசாங்க உத்தியோகம் பாத்துக்கிட்டே கோடை, புதியதொரு வீடுன்னு பா நாடகம் எழுதினாரு. அதுல யாப்பு இருக்கு, ஆனா பக்கத்து வீட்டு ஆளு பேசுற மாதிரியே இருக்கும். 1971லயே செத்துப் போயிட்டாரு பாவம். எனக்கு தைரியம் குடுத்தது அவருதான்.

ஆமா, நானும் ஒண்ணு எழுதிருக்கேன். சிரிக்காத. அப்பாவுக்கே போன மாசம்தான் தெரியும்.

என் பொழப்பு உனக்குத் தெரியாததா. மாசக் கடைசியில கவிதைக் கூட்டம், ஈசூன்ல எம்ஆர்டி ரயில் ஏறி நியூட்டன்ல மாறி பூகிஸ்ல எறங்கி நேஷனல் லைப்ரரி, இருபது பேரு வருவோம், அதுல பதினெட்டு பேரு கவிஞருங்க, மீதி ரெண்டு பேரு கவிஞரோட வீட்டுக்காரங்க. புத்தக வெளியீடுன்னா எட்டு வாழ்த்துரை, பொன்னாடை, வடை, டீ, கவிதைக்கு அஞ்சு நிமிஷம். ஒருத்தர் புத்தகத்த இன்னொருத்தர் வாங்குவோம், பத்து வெள்ளி போகும் பத்து வெள்ளி வரும். என் ரெண்டாவது தொகுப்பு இன்னும் வீட்டு பாம் ஷெல்டர் அறையில பெட்டி பெட்டியா இருக்கு, அரிசி மூட்டைய அதுக்கு மேலதான் வெக்கிறாரு அப்பா. தமிழ் முரசு பேப்பர்ல ஒரு கவிதை வந்துச்சுன்னா காலையில நாலு பேரு அருமைன்னு அனுப்புவாங்க, கை கும்பிடுற படம் போட்டு, யாரும் எந்த வரின்னு சொல்ல மாட்டாங்க. கொறையா சொல்லல, அந்த இருபது பேரும் இல்லன்னா நான் எப்பவோ நிறுத்திருப்பேன்.

நாடகம் என்னன்னா, ஒரு எச்டிபி அடுக்குமாடி பிளாக், லிஃப்ட் 12க்கும் 13க்கும் நடுவுல நின்னுடுது. உள்ள ஒரு பாட்டி, வெளிநாட்டுலேருந்து வந்த பேத்தி, ஒரு டெலிவரி பையன், அவன் கையில வேற யாருக்கோ வாங்குன ஆறிப்போற பிரியாணி. நாப்பது நிமிஷம். முழுக்க அகவல்.

ஒரு நாடகக் குழுவுல காட்டினேன். அங்க இருந்த தம்பி மரியாதையா பேசினாரு, ஆனா கேட்டாரு, அக்கா, லிஃப்ட்ல மாட்டுனா யாராச்சும் அகவல்ல பேசுவாங்களா, வசனமா மாத்திக் குடுங்க பாப்போம்னு. அங்க பதில் வரல எனக்கு. எம்ஆர்டில திரும்பி வர்றப்ப அங் மோ கியோ தாண்டுறப்பதான் வந்துச்சு.

தாத்தா செத்தப்ப உனக்கு ஏழு வயசு. பிளாக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல பட்டுக்கோட்டைப் பெரியாத்தா மாரடிச்சுக்கிட்டுப் பாடினாங்களே, நீ என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு, பெரியாத்தா ஏன் தாத்தாகூட சண்ட போடுறாங்கன்னு கேட்ட. நெஜமாவே சண்டதான். எனக்கு வாங்கித் தர்றேன்னு சொன்ன சேலை எங்க, என் கல்யாணத்துக்கு வராம போனியேன்னு, செத்துக் கெடக்கிறவர எழுப்பி எழுப்பிக் கேக்குறாங்க, ஒரு எடத்துல தாளம் தப்பல, முதல் எழுத்து ஒண்ணோட ஒண்ணு சேருது, கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத பொம்பள. மனுஷன் தாங்க முடியாம போறப்ப யாப்புலதான் பேசியிருக்கான் பாப்பா, அந்தத் தம்பி ஒப்பாரி கேட்டதில்ல, அவ்வளவுதான்.

போன வருஷம் பாட்டி போனப்ப மண்டாய் சுடுகாட்டுக்கு நாலு மணின்னு டைம் குடுத்துட்டாங்க, எல்லாரும் வாட்சப் பாத்துக்கிட்டு நிக்கிறோம். பாட வேண்டியது நான். மக நான், ரெண்டு தொகுப்பு போட்ட கவிஞர் வேற. வாய் வரல. ஸ்பீக்கர்ல இருந்த உன் ஃபோன்லேருந்து மட்டும் சத்தம் வந்துச்சு. டிக்கெட் கெடைக்காததுக்கு நீ என்ன பண்ணுவ, அத இன்னும் மனசுல வெச்சுக்கிட்டு இருக்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் பதினாறாம் நாளு முடிஞ்சு ஒக்காந்து எழுத ஆரம்பிச்சதுதான் இது. பேத்தி பேசுற எடம் ஒண்ணு:

பாட்டி கதவைப் பார்க்க வேண்டாம்
காற்று வருது கையைக் கொடுநீ
போன வருசம் போனில் அழுதேன்
இன்று பக்கம் இருந்தும் ஊமை

வசனமா மாத்திப் பாத்தேன், அந்தத் தம்பி சொன்னதுக்காகவே. மெசேஜ் அனுப்புற மாதிரி ஆயிடுச்சு. திரும்ப எடுத்து வெச்சுட்டேன்.

இதுகூட பதினோரு பக்கம் வெச்சிருக்கேன், பேத்தி பேசுறதெல்லாம் பச்சப் பேனாவுல கோடு போட்டிருக்கு. ஒரு நாள் சாயந்தரம் ரூம் கதவச் சாத்திட்டு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. வரி முடியிற எடத்துலயெல்லாம் நிக்காத, மூச்சு எங்க வேணுமோ அங்க நில்லு, ஸ்கூல் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி படிச்சா நான் திருப்பி அனுப்பிடுவேன். தப்பு வந்தா பரவால்ல. டெலிவரி பையனுக்கு அப்பா குரல் குடுக்குறேன்னு சொல்லிருக்காரு, பிரியாணி வாங்கித் தந்தாதான்னு கண்டிஷன். பாட்டி நான்.

குளிருக்கு சாக்ஸ் போட்டுத் தூங்கு.

அம்மா